வேகவைத்த கல்

என் வீட்டுக்காரர் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷின்களை விற்கிறவர், பழுதும் பார்க்கிறவர். பழனிசெட்டிபட்டியில் சின்னதாக ஒரு கடை. தேனி, போடி, சின்னமனூர் என்று பைக்கில் அலைவார். மலை ஏறிக் குமுளி வரைக்கும் அவருக்கு வாடிக்கை உண்டு. அப்படிக் குமுளியில் ஒரு தங்கும் விடுதிக்கு ஃபில்டர் மாற்றப் போனவர், அங்கே வரவேற்பறையில் ஒரு கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"மீனு கெடக்குது. கல்லுதான் விசேஷம். கல்லு மேல பூராம் உசுரு ஒட்டியிருக்கு. லைட்டப் போட்டா பூ மாதிரி விரியுது, அணைச்சா மூடிக்கிருது."

எதிரே உட்கார்ந்திருந்த என் மாமனார், "கல்லு விரியுதாக்கும்?" என்றார்.

"கல்லு இல்லப்பா. கல்லு மேல இருக்கிற உசுரு."

"அப்ப அதை இங்கன கொண்டு வா. பாப்போம்."

மாமா கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். பந்தலுக்குக் கீழே தலையை அண்ணாந்து மருந்தடித்தே பாதி ஆயுசு போயிருந்தது. மூக்கில் துணிகூடக் கட்டமாட்டார். அதனால் நெஞ்சு கெட்டுப்போய், பத்து எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். மாமியார் போனபிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தார். நான் காலையில் நூற்பாலை அலுவலகத்துக்குப் போய்விடுவேன், அவர் மகன் கடைக்குப் போய்விடுவார், பேத்தி, என் ஒரே மகள், கோயம்புத்தூரில் படிக்கிறாள். பகல் முழுக்க அவருக்குத் துணை டிவிதான். தொட்டி வந்தால் நல்லதுதான் என்று எனக்கும் பட்டது.

கூடத்தில் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. அடியில் இரும்பு ஸ்டாண்டு. மதுரையில் கடல்மீன் வளர்ப்புச் சாமான் விற்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, பவழ மணலும் ஓட்டை ஓட்டையாய் இருந்த வெள்ளைக் கற்களும் உப்பு மாவும் வாங்கி வந்தார். சமையல் உப்பு இதற்கு ஆகாதாம். கடலில் என்னென்ன சத்து இருக்குமோ அத்தனையும் கலந்த தனி உப்பு. தண்ணீர் மட்டும் எங்கள் வீட்டுச் சரக்கு. கடையிலிருந்து கேன் கேனாக ஆர்.ஓ. தண்ணீரைக் கொண்டுவந்து, உப்பைக் கரைத்து, உப்பின் அளவைக் காட்டும் ஒரு கண்ணாடிக் கருவியில் சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கூடினால் தண்ணீர், குறைந்தால் உப்பு.

அடுத்ததாகச் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து ஓர் இறாலை வாங்கிவந்து, உரிக்காமல் அப்படியே தொட்டிக்குள் போட்டார். அது அழுக வேண்டுமாம். அழுகினால்தான் அந்த நஞ்சைத் தின்கிற நுண்ணுயிர்கள் உண்டாகுமாம். அவை உண்டான பிறகே மீன் விடவேண்டுமாம். அதுவரைக்கும் உள்ளே போகிற எதுவும் பிழைக்காது.

மீனே இல்லாத ஒரு தொட்டியில் விளக்கு எரிந்தது, மோட்டார் அலையைக் கிளப்பியது, நடுவில் அந்த இறால் வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்து கரைந்தது. தண்ணீர் பால் மாதிரிக் கலங்கியது. கொஞ்ச நாளில் மணல் மேல் பழுப்பாகத் துரு மாதிரி ஏதோ படர்ந்தது. அது போனதும் பச்சை மயிர் மாதிரிப் பாசி முளைத்தது. வீட்டுக்கு வந்தவர்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னத்த வளக்குறீக?" என்று கேட்டார்கள். மாமா மட்டும் நாற்காலியை டிவியிலிருந்து தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் ஒருநாள் தெளிந்தது. சங்குக்குள் ஒளிந்து திரிகிற நண்டுகளும் கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்கிற நத்தைகளும் முதலில் வந்தன. பிறகு ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. பிறகு பூக்கள். மதுரைக்காரர் அவற்றைப் பட்டன் என்பார். சட்டைப் பித்தான் அளவில் வட்டமாக, நடுவில் வாயும் சுற்றிலும் மீசை மீசையாய் ஓரமும் வைத்த உயிர்கள். பச்சை, ஊதா, செம்மஞ்சள். வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்து, சின்ன வட்டில் ஒட்டி அனுப்புவார்களாம். நீல விளக்கைப் போட்டால் உள்ளுக்குள் மின்சாரம் ஓடுகிற மாதிரி ஒளிரும்.

அவற்றோடு கொசுறாக ஒரு கல்லையும் கொடுத்திருந்தார். அதன் மேலும் பட்டன்கள்தான், ஆனால் பெரிசு. அழகு கிடையாது. சாணி நிறம், ஓரத்தில் மங்கலாய் ஒரு பச்சை. "இது சாகவே சாகாது சார், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது" என்றாராம்.

மாமாவுக்கு அதுதான் பிடித்தது. விளக்கு எரிந்ததும் அந்தக் கல் முழுக்க ஒரே சமயத்தில் விரிந்து வெளிச்சத்துப் பக்கம் திரும்பும். "என் சூரியகாந்தி" என்பார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "ஆத்தா, போறப்ப அந்த சூரியகாந்திக்கு லைட்டப் போட்டுட்டுப் போ" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறியது. தொட்டி மேல் இரண்டு மின்விசிறிகளை மாட்டினோம். தண்ணீர் குளிர்ந்தது, ஆனால் ஆவியாகிக் குறைந்தது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றுவது மாமா வேலை. ஐஸ்கட்டி பாட்டில்களை மிதக்கவிட்டோம். அந்தக் கோடையில் வண்ணப் பட்டன்கள் சுருங்கிச் சிறுத்தன. நத்தைகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. நண்டுகளின் சங்குகள் காலியாகக் கிடந்தன, உள்ளே ஆள் இல்லை. சாணி நிறக் கல் மட்டும் செழித்தது. அதன் பட்டன்கள் கல்லை விட்டு இறங்கிப் பக்கத்துக் கல்லில் ஏறின. வண்ணப் பட்டன்களைச் சுற்றி வளைத்து, பிறகு மேலேயே படர்ந்தன. பச்சை மூடிப்போனது. ஊதா மூடிப்போனது. தினம் பார்த்தால் தெரியாது. வாரக் கடைசியில் பார்த்தால் திக்கென்றிருக்கும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் கையை உள்ளே விட்டு, பழைய டூத் பிரஷால் அவற்றைத் தேய்த்து எடுக்கப் பார்த்தார். அவை ரப்பர் மாதிரி வழுக்கின. தேய்த்த இடத்தில் கோழை நூல் நூலாக மிதந்தது. ஸ்க்ரூடிரைவர் கீறிய புண் ஒன்று அவர் விரலில் இருந்தது. வேலையை முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் கையை உதறினார்.

"மணிக்கட்டு வரைக்கும் மரத்துப்போச்சு. வாயெல்லாம் ஒரு மாதிரி இரும்ப நக்குன கணக்கா இருக்கு."

"உப்புத் தண்ணியில ரொம்ப நேரம் கைய வச்சிருந்தீக. அதான்" என்றேன்.

மறுநாள் சரியாகிவிட்டது. எங்கள் பேச்சிலிருந்தும் அது போய்விட்டது.

ஆனி பிறந்தால் எங்கள் பக்கம் காற்று இறங்கிவிடும். மலை இடுக்கு வழியாக வந்து, பள்ளத்தாக்கு நெடுகப் புழுதியை அள்ளிக்கொண்டு அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் சோற்றில் மண் விழும். ஆவணி வரைக்கும் எல்லா வீடும் சாத்தியேதான் இருக்கும். எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்டும் போகும். அந்த ஆனியில் ஒருநாள் காலையில் போன கரண்டு சாயங்காலம்வரை வரவில்லை. மோட்டார் நின்றால் தண்ணீருக்குக் காற்று கிடைக்காது, மீன் செத்துப்போகும். நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது மாமா தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். மொண்டு, ஊற்றி, மூச்சு வாங்கி, மறுபடி மொண்டு. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"எப்ப இருந்து மாமா இதைச் செய்யிறீக?"

"மீனு மேல வந்து வாயைத் தொறந்துச்சுத்தா. பாக்கச் சகிக்கல."

கோமாளி மீன் இரண்டும் பிழைத்துக்கொண்டன. மாமா அன்றைக்கு இருமி இருமி ஓய்ந்துபோனார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். காற்று சேலையைக் கையிலிருந்து பிடுங்கியது. கிளிப்பைக் கழற்றி, ஒவ்வொன்றாக மடித்து, இறங்கி வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு வாடை. அழுகல் வாடை என்று சொல்ல முடியாது. ராமேஸ்வரத்தில் தண்ணீர் உள்வாங்கிய கரையில் காலை வைத்தபோது அடித்த வாடை மாதிரி. கூடத்து ஜன்னல் கண்ணாடியில் வேர்வை பிடித்திருந்தது.

அடுப்படியில் பழைய அலுமினியக் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதன் மேல் குனிந்து, இடுக்கியால் ஒரு கல்லைத் தூக்கிப் பிடித்து, கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆவி அவர் முகத்தில் அடித்தது.

"என்ன செய்யிறீக?"

"அந்தச் சாணிப் பட்டனு இதுல பூராம் ஏறிருச்சு. வேக வச்சுட்டா செத்துரும். கல்லு நல்ல கல்லு, தூக்கிப் போட மனசு வரல. ஒரு வீடியோவுல பாத்தேன்."

கூடத்திலிருந்து மாமா சத்தம் போட்டார். "நல்லா இருக்கிறதைப் போயி வேக வைக்கிறான் பாரு. ஏலே, அது என்ன பாவம் செஞ்சுச்சு?"

"உங்க சூரியகாந்திதான்ப்பா மத்த எல்லாத்தையும் கொல்லுது."

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் துணிகளை வைத்தேன். கல் வெந்து முடிந்து, குண்டானை வெளியே வைத்த பிறகுதான் அடுப்படிக்கு வந்து டீ போட்டேன். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து குடித்தோம். என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டீயில என்னத்தைப் போட்ட? கசக்குது."

மாமாவும் நாக்கைச் சப்புக்கொட்டி, "ஆமாத்தா, கசப்பா இருக்கு" என்றார். எனக்கும் லேசாகக் கசந்தது. பால் திரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

முதலில் தும்மல் வந்தது. பிறகு இருமல். என் வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கினார், இரண்டு கண்ணும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவருக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. "காலு ரெண்டும் யாரோ முறுக்குற மாதிரி இருக்கு" என்றார். மாமா நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. எனக்கும் மார்பில் ஒரு பாரம் இருந்தது, ஆனால் நடக்க முடிந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருவரையும் உள்ளே கொண்டுபோனார்கள். எனக்கும் மூக்கில் ஒரு குழாயை மாட்டி வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். டியூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். அவர் வந்து என்னிடம் மெல்லிய குரலில் கேட்டார்.

"கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

"மத்தியானம் சோறு, புளிக்குழம்பு. சாயங்காலம் டீ."

"டீ யார் போட்டது?"

"நாந்தான்."

"உங்க வீட்டுக்காரர் டீ கசந்துச்சுன்னு சொல்றாரு." அவர் என் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "பெரியவர் தோட்டம் வச்சிருந்தாராமே. வீட்டுல பூச்சி மருந்து ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா? சண்டை, கடன், அப்படி எதுவும்? என்கிட்ட மறைக்காதீங்க. என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்."

அப்போதுதான் அவர் கேட்பது எனக்கு உறைத்தது. குடும்பமாகப் பூச்சி மருந்து குடிப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. தோட்டம் இருக்கிற வீட்டில் மருந்து டப்பா எட்டுகிற இடத்தில் இருக்கும். குடும்பமாக ஆஸ்பத்திரிக்கு வந்தால் எல்லாரும் முதலில் நினைப்பது அதைத்தான். அந்த டாக்டர் தன் வேலையைத்தான் செய்தார். ஆனால் என்னைச் சுற்றிச் செவிலியர்கள் நடக்கிற நடையே மாறிவிட்டது. ஒருத்தி என் பையை எடுத்துத் தன் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாங்க ஒரு கல்லை வேக வச்சோம்" என்றேன்.

"என்னது?"

"கல்லு. மீன்தொட்டிக் கல்லு. கொதிக்கிற தண்ணியில போட்டு வேக வச்சாக. அதுலருந்துதான் எல்லாருக்கும் இப்படி."

நான் சொல்வது எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரும் டீயைப் பற்றித்தான் கேட்டார். பால் எங்கே வாங்கியது, டம்ளர்களைக் கழுவியாகிவிட்டதா, நான் எவ்வளவு குடித்தேன், எனக்கு மட்டும் ஏன் அதிகமாக ஒன்றும் ஆகவில்லை. டம்ளர்களை நான் கழுவித்தான் வைத்திருந்தேன். அதைச் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. மகள். யாரோ சொந்தக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் எங்களைப் பார்த்துவிட்டு, விசாரித்து, அவளுக்குச் சொல்லிவிட்டிருந்தார். அவளால் பேச முடியவில்லை.

"அம்மா, ஏம்மா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நாங்க எதையும் குடிக்கலடி. கேளு, அந்தத் தொட்டியில இருந்த கல்லு..."

"பொய் சொல்லாதம்மா" என்று அழுதாள். "தாத்தா இருக்காரா, அதை மட்டும் சொல்லு."

"இருக்காருடி, உள்ள வச்சுப் பாக்குறாக" என்றேன். போனை வைத்துவிட்டு, அந்த மதுரைக்காரருக்குப் போன் பண்ணினேன். அவர் எண் என்னிடம் இருந்தது, விசிறி வாங்கும்போது பேசியிருக்கிறேன். நடந்ததைச் சொன்னேன்.

"எந்தக் கல்லு மேடம்? நான் இலவசமாக் குடுத்தது ஏறின கல்லா? பழுப்பா பெருசா?"

"ஆமா."

"ஐயோ, அதையா கொதிக்க வச்சீங்க? அதுல விஷம் இருக்கு மேடம். சாதாரண விஷம் இல்ல. சூடு பண்ணாலும் அது அழியாது, ஆவியோட சேந்து மூச்சுக்குள்ள போயிரும், வாயும் கசந்துபோகும். உடனே டாக்டர்கிட்ட போனைக் குடுங்க."

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"தொட்டி வைக்கிற எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன் மேடம். தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் அது யாரையும் ஒண்ணும் செய்யாது."

அவரிடம் கோபப்படக்கூட நேரமில்லை. போனைக் கையில் பிடித்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். செவிலி தடுத்தாள். அந்த இளம் டாக்டர் வந்து போனை வாங்கினார். முதலில் நின்றுகொண்டு கேட்டார். பிறகு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த விஷத்தின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். தன் போனில் எதையோ தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது. எனக்கு நிம்மதி வரவில்லை. பூச்சி மருந்தென்றால் அவருக்கு வைத்தியம் தெரியும்.

"இதுக்கு மாற்று மருந்து இல்லம்மா" என்றார். அம்மா என்று அவர் அழைத்தது அப்போதுதான். "மூச்சுக்கும் இதயத்துக்கும் பக்கபலமா நின்னு, உடம்பு தானா மீண்டு வர வரைக்கும் காத்திருக்கணும். உங்க வீட்டுக்காரருக்குத் தசை கரையுதுன்னு ரத்தத்துல தெரியுது. பெரியவர் நெஞ்சு ஏற்கெனவே பலவீனம். நான் எதையும் உறுதியா சொல்ல முடியாது."

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. அந்தப் பையைப் பார்க்கக்கூடாதென்று நினைப்பேன், கண் அங்கேதான் போகும். மாமாவுக்குத் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள். கையைக் கட்டியிருந்தார்கள், மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று. திராட்சைப் பந்தலில் கத்தரி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் கட்டுக்குள் அசைந்துகொண்டே இருந்தன.

மகள் அதிகாலைப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். டாக்டரே அவளை உட்காரவைத்து விளக்கிச் சொன்னார். கேட்டு முடித்து என்னிடம் வந்தவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். நம்பினாளா, களைத்துப்போய்ப் படுத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்தத் தொட்டி இன்னும் வீட்டுலதான் இருக்கா?" என்று கேட்டாள் கொஞ்சம் பொறுத்து.

"ஆமா."

"வேக வச்ச கல்லு?"

குண்டானோடு பின்வாசலில், மூடிகூட இல்லாமல் இருந்தது. தெருநாய் வாய் வைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தெடுக்கச் சுவரேறி வருவார்கள். மதுரைக்காரருக்கே மறுபடி போன் பண்ணினேன். அன்றைக்கே அவர் வந்தார், மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நானும் வீட்டுக்குப் போனேன். அதுவரை குரலாக மட்டும் தெரிந்தவர், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். என் கண்ணைப் பார்க்காமல் பேசினார். முகமூடி, கையுறை, கண்ணுக்குக் கவசம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். பின்வாசல் வழியாகப் போய், குண்டானோடு கல்லையும் தண்ணீரையும் பிளீச்சிங் கரைசலில் முக்கி மூடினார். அடுப்பு, மேடை, சுவர், ஜன்னல் கம்பி என்று ஆவி பட்ட இடமெல்லாம் அதே கரைசலால் துடைத்தார். அடுப்படித் துணிகளையும் கத்தியையும் டீ டம்ளர்களையும் ஒரு சாக்கில் கட்டினார். கோமாளி மீன் இரண்டையும் தண்ணீர்ப் பையில் பிடித்துக்கொண்டார். தொட்டியில் மிச்சமிருந்த பட்டன் கற்களைத் தண்ணீருக்குள்ளேயே வாளிக்கு மாற்றி, அதிலும் பிளீச்சிங்கைக் கொட்டினார்.

விரிந்திருந்த பட்டன்கள் ஒரே நொடியில் மூடிக்கொண்டன. பிறகு மெல்ல நிறம் வெளுத்தன.

"தண்ணியை எங்க ஊத்துறது?" என்று கேட்டேன்.

"இப்ப எங்கயும் ஊத்தாதீங்க மேடம். நல்லா ஊறட்டும். நான் வந்து பாக்கிறேன்."

சாக்கடை வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்கால் வயலுக்குப் போகிறது. தென்னைக்கு ஊற்றினால் உப்பு தென்னையைக் கொல்லும். ஒரு வீட்டுக் கூடத்தில் அடங்கிய தண்ணீரை வெளியேற்ற எனக்கு ஊரில் இடம் தெரியவில்லை. அந்த வாளிகள் பின்வாசலில் கல் ஏற்றிய மூடியோடு வெகுநாள் நின்றன. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்வருவேன். கடைசியில் அவரே வந்து, நஞ்சு அழிந்துவிட்டது என்று சொல்லி, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வேறு யாருக்கும் அந்தப் பழுப்புக் கல்லை இனிமேல் விஷத்தைப் பற்றிச் சொல்லாமல் கொடுக்கமாட்டேன் என்றார்.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். சிறுநீர் தெளிய ஒரு வாரத்துக்கு மேலானது. வீட்டுக்கு வந்தும் வெகுகாலம் ஃபில்டர் மூடியைத் திருகக் கையில் பலமில்லை. மாமாவையும் மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் குரல் போய்விட்டது. குழாய் இருந்ததாலா, விஷத்தாலா தெரியாது. கிட்டப் போய்க் காதைக் கொடுத்தால் காற்று மட்டும் வரும். தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று இப்போது வீட்டிலேயே ஓடுகிறது. வந்த அன்றைக்குத் தொட்டி இருந்த சுவரைப் பார்த்துவிட்டு, என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"மீனு?"

"மதுரைக்குப் போயிருச்சு மாமா. நல்லா இருக்காம்."

கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மகனை அவர் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரர் அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். மாமா காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதுவே என் வீட்டுக்காரருக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

போலீஸ் விசாரணை டாக்டரின் அறிக்கையோடு முடிந்தது. ஊரில் முடியவில்லை. குடும்பமாக மருந்து குடித்ததாகச் சிலர், டீயில் நான்தான் கலந்ததாகச் சிலர். மாமாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார்கள். கல்லை வேகவைத்த கதையை நான் சொல்லச் சொல்ல, அவர்கள் தலையாட்டுவது வேகமாகிக்கொண்டு போகும். அலுவலகத்திலும் அப்படித்தான். ஒரு கட்டத்துக்குமேல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

எதிர் வீட்டு அக்கா மட்டும் தினம் வந்தார். பேச்சு வளர்ப்பவர் இல்லை. வந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார், காய் நறுக்கிக் கொடுப்பார். ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் அடுப்படியில் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட நான் எதையும் கேக்கலத்தா. எனக்கு ஒரு தம்பி இருந்தான், வருசநாட்டுல. முத நாள் எங்க வீட்டுக்கு வந்து சிரிச்சுப் பேசிட்டுப் போனான். முகத்துல ஒண்ணுமே தெரியல. மறுநாள் மருந்தக் குடிச்சுட்டான். அவன் பொண்டாட்டி, பிள்ளைக்கும் குடுத்துட்டான்."

"அக்கா, சத்தியமா நாங்க..."

"சரித்தா. நீ சொல்றது சரிதான்னே வச்சுக்குவோம். ஆனா எப்பவாவது மனசு ஒரு மாதிரி இருந்துச்சுன்னா, கதவைச் சாத்தாத. எந்த நேரமா இருந்தாலும் எதிர்த்தாப்லதான் இருக்கேன்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "சரிக்கா, சொல்றேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. ஆனால் எங்கள் வாசல் கதவு கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போலச் சாத்தியிருந்தால் வந்து தட்டுவார். திறந்து, "என்னக்கா?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பார். என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, மாமா படுத்திருக்கிறாரா, என் வீட்டுக்காரர் நடமாடுகிறாரா என்று கண்ணால் தேடி, பார்த்த பிறகுதான் திரும்பிப் போவார்.